புதுப் பொருளும் பொறுமையும்

மனிதன் அவசரத்திலேயே படைக்கப்பட்டிருக்கிறான் என்று அல்லாஹுத்தஆலா தன் திருமறையில், அன்பியா சூராவின் 37-வது வசனத்தில் உணர்த்துகின்றான். அவசரம் நமக்கு வெளியிலிருந்து வந்து ஒட்டிய தூசி அல்ல. அது நம் மண்ணோடு கலந்து வந்த குணம். ஆகவேதான் அதைக் கட்டியாளுவது ஒரு பெரிய முஜாஹதாவாக, மனப் போராட்டமாக இருக்கின்றது.

அப்துல் கைஸ் கூட்டத்தாரின் தூதுக்குழு மதீனமா நகர் வந்து சேர்ந்தபோது, நாயகம் (ஸல்) அவர்களைக் கண்ட ஆவலில் பலரும் வாகனங்களை விட்டுக் குதித்து ஓடினார்கள். அவர்களுள் அஷஜ்ஜு (ரலி) அவர்கள் மட்டும் ஒட்டகங்களைக் கட்டி, சாமான்களை ஒழுங்கு செய்து, நல்லாடை உடுத்தி, அதன் பின்னரே சமுகத்திற்கு வந்தார்கள். அல்லாஹ் விரும்பும் இரண்டு குணங்கள் உம்மிடம் இருக்கின்றன, ஒன்று சகிப்பு, மற்றொன்று நிதானம் என்ற கருத்தில் பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னாரைப் பாராட்டினார்கள். இந்தப் பாராட்டு முஸ்லிம் ஷரீஃபில் பதிவாகியுள்ளது. சிந்தித்துப் பாருங்கள்! ஓடியவர்கள் ஓடியது தீமையை நோக்கி அல்ல, உலகத்தின் மிகப் பெரிய நன்மையை நோக்கி. அப்படிப்பட்ட இடத்திலேயே நிதானம் புகழப்பட்டதென்றால், கடைத்தெருவை நோக்கி நாம் ஓடும் ஓட்டத்தைப் பற்றி என்ன சொல்வது?

கேள்வி என்ன?

இக்காலத்தில் நம் பிள்ளைகளின் பேச்சில் அடிக்கடி அடிபடும் பொருள், தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்து ஆடும் வீடியோ கேம் பெட்டி. சோனி நிறுவனத்தின் பிளேஸ்டேஷன் 5 என்ற பெட்டி 2020 நவம்பரில் அயல் நாடுகளில் வெளிவந்து, 2021 பிப்ரவரி 2 அன்று நம் நாட்டில் விற்பனைக்கு வந்தது. விலை 49,990 ரூபாய். அதற்கு முன் ஜனவரி 12 அன்று நண்பகலில் முன்பதிவு தொடங்கியது. சில நிமிடங்களுக்குள் அத்தனையும் தீர்ந்து போயிற்று. கிடைக்காதவர்கள் ஏங்கினார்கள். கிடைத்தவர்களில் சிலர் அதையே கூடுதல் விலைக்கு விற்றார்கள். மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் ஏர்வாடியிலும் உள்ள வீடுகளிலிருந்து வளைகுடா நாடுகளில் இருக்கும் சபுராளிகளுக்கு, "வாப்பா, அங்கே கிடைத்தால் வாங்கி வாருங்கள்" என்று போன் போகும் பொருள்களில் இத்தகைய பெட்டிகளும் சேர்ந்து விட்டன.

விளையாட்டு கூடுமா, எந்த விளையாட்டு கூடும், தொழுகையைத் தவற விடும் விளையாட்டின் சட்டம் என்ன என்பவை தனியே எழுத வேண்டிய மஸாயில்கள். ஆபாசமும் சூதும் கலந்த ஆட்டம் கூடாது, பர்ளை மறக்கடிக்கும் ஆட்டம் கூடாது என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. அவற்றை விட்டு நீங்கிய, ஆகுமான ஒரு பொருள் என்றே வைத்துக் கொள்வோம். அப்படியும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கின்றது: ஒரு புதுப் பொருளை, அது வெளிவந்த முதல் நாளிலேயே முண்டியடித்து வாங்குவது அறிவுக்கும் மார்க்கத்திற்கும் பொருந்துமா?

முதலில் வாங்குபவர் எதை வாங்குகிறார்?

முதல் நாளில் வாங்குபவர் பொருளை மட்டும் வாங்குவதில்லை. அதோடு சேர்த்து, அதன் சோதனையையும் வாங்குகிறார். தொழிற்சாலையில் எவ்வளவு சோதித்தாலும், பல்லாயிரம் வீடுகளில், பலவகை மின்சாரத்தில், பலவகை வெப்பத்தில், பல மாதங்கள் ஓடிய பிறகுதான் ஒரு இயந்திரத்தின் மெய்யான குணம் தெரிய வரும். சித்திரை வைகாசியில் பாளையங்கோட்டை வெயில் 40 டிகிரியை நெருங்கும்போது, மச்சு வீட்டின் மாடியறையில் இயங்கும் ஒரு பெட்டியின் நிலை, குளிரூட்டிய அறையில் அதைச் சோதித்தவருக்கு எப்படித் தெரியும்?

மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பாக்ஸ் 360 என்ற பெட்டி 2005 நவம்பரில் வெளிவந்தது. முன்பக்கத்தில் சிவப்பு விளக்குகள் எரிந்து அப்படியே செயலிழந்து போகும் கோளாறு ஏராளமான பெட்டிகளில் தலைகாட்டியது. ஏறத்தாழ இருபது மாதங்கள் கழித்து, 2007 ஜூலையில்தான், அந்தக் கோளாறுக்கு மூன்றாண்டு உத்தரவாதம் என்று நிறுவனம் அறிவித்து, அதற்காக நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. பின்னால் வாங்கியவர்களுக்குத் திருத்தப்பட்ட பெட்டிகள் வந்தன. முதலில் வாங்கியவர்கள் தங்கள் பணத்தால் அந்தப் பாடத்தை நிறுவனத்திற்குக் கற்றுக் கொடுத்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பெட்டி மட்டுமல்ல, அதில் ஆடும் ஆட்டமும் அரைவேக்காடாய் வருவதுண்டு. சைபர்பங்க் 2077 என்ற ஆட்டம் 2020 டிசம்பர் 10-ல் வெளிவந்தது. பிழைகள் மலிந்திருந்ததால் எட்டே நாளில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை எடுத்து விட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. மீண்டும் அது அந்தக் கடைக்கு வர 2021 ஜூன் ஆயிற்று. கைப்பேசி உலகில் இதைவிட அச்சந்தரும் நிகழ்ச்சி உண்டு. சாம்சங் நிறுவனத்தின் கேலக்ஸி நோட் 7, 2016 ஆகஸ்டில் வெளிவந்து, பேட்டரி தீப்பிடித்ததால் திரும்பப் பெறப்பட்டு, மாற்றித் தந்ததும் தீப்பிடிக்கவே, அக்டோபரில் உற்பத்தியே நிறுத்தப்பட்டது. விலை கொடுத்து வாங்கியவர் வீட்டுக்குள் நெருப்பை அல்லவா கொண்டு வந்தார்!

நம் தாய்மார்களுக்கு இது புதிய பாடமும் அல்ல. தாமிரபரணிப் பாசனத்தில் பிசான அறுவடை முடிந்து புது அரிசி வந்ததும், "புது அரிசி குழைந்து போகும், பழைய அரிசியாகப் பார்த்து வாங்கி வாருங்கள்" என்று சொல்லி அனுப்பும் வீடுகள் இன்றும் உண்டு. புதிது என்பது ஒரு காலக் கணக்கு. நல்லது என்பது ஒரு தகுதி. இரண்டையும் ஒன்றாகக் கருதிக் குழம்புவதே நம் காலத்தின் கோளாறு.

விலை குறையும் என்று சொல்லித் தப்பலாமா?

"காத்திருந்தால் விலை குறையும், ஆகவே காத்திருங்கள்" என்று அறிவுரை கூறுவோர் உண்டு. அது சில வேளைகளில் மெய்யே. நிண்டெண்டோ 3டிஎஸ் என்ற கைப்பெட்டி 2011 மார்ச்சில் அமெரிக்காவில் சுமார் 250 டாலருக்கு விற்கப்பட்டு, அதே ஆண்டு ஆகஸ்டில் சுமார் 170 டாலராக இறங்கியது. முந்தி வாங்கியவர்கள் ஐந்தே மாதத்தில் மூன்றிலொரு பங்கை இழந்தார்கள். ஆனால் எப்போதும் அப்படியா? நம் நாட்டில் 49,990 ரூபாய்க்கு வந்த பிளேஸ்டேஷன் 5, 2022 நவம்பரில் 54,990 ரூபாயாக உயர்ந்தது. காத்திருந்தவர்தான் அங்கே ஐயாயிரம் கூடுதலாகக் கொடுத்தார்.

இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. நிதானம் என்பது லாபம் தரும் தந்திரம் என்ற அளவில் மட்டும் அதைப் போற்றினால், நட்டம் வந்த முதல் நாளிலேயே அதைக் கைவிட்டு விடுவோம். அஷஜ்ஜு (ரலி) அவர்களின் நிதானம் அல்லாஹ்வுக்கு உவப்பானது என்றுதான் சொல்லப்பட்டதே அன்றி, அதனால் அவர்களுக்குப் பணம் மிஞ்சியது என்று சொல்லப்படவில்லை. ஆகவே கேள்வியை விலையிலிருந்து எடுத்து, மனிதனின் உள்ளத்தில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

"என் பணம், யாருக்கு என்ன நட்டம்?"

இவ்விடத்தில் ஓர் இளைஞர் எழுந்து கேட்கலாம்: "ஹஜ்ரத், நான் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். என் சம்பாத்தியம் ஹலாலானது. ஜகாத்து கொடுக்கிறேன். உம்மா வாப்பாவுக்கும் அனுப்புகிறேன். மிஞ்சியதில் எனக்குப் பிடித்ததை வாங்கினால் அது எப்படி வீண் விரயமாகும்?"

நியாயமான கேள்வி. அதற்கு நியாயமான பதிலையே நம் இமாம்கள் தந்திருக்கிறார்கள். நம் மத்ரஸாக்களில் ஓதிக் கொடுக்கப்படும் இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜ் கிதாபில், ஒருவர் தன் தகுதிக்கு மேற்பட்ட உணவிலும் உடையிலும் செலவிடுவது, அவரது சொத்தை முடக்கி வைக்கும் அளவுக்குச் சட்டப்படியான விரயமாகாது என்பதே மிகச் சரியான சொல்லாகக் கூறப்பட்டுள்ளது. செல்வம் அனுபவிக்கவும்தான் தரப்பட்டிருக்கிறது. ஆகவே அந்த இளைஞரைப் பார்த்து "ஹராம்" என்று கூவுவதற்கு நமக்கு அதிகாரம் இல்லை. ஹலாலை ஹராமாக்குவது, ஹராமை ஹலாலாக்குவது போலவே பெரும் குற்றம் என்பதை நாம் மறந்து விடலாகாது.

ஆனால் அதே இடத்தில் விரிவுரையாளர்கள் ஒரு வரம்பையும் கட்டியிருக்கிறார்கள். திருப்பிக் கொடுக்க வழி தெரியாத நிலையில், அது தெரியாதவரிடம் கடன் வாங்கி அப்படிச் செலவிட்டால் அது கூடாது. இங்கேதான் நம் வீடுகளின் நிலை வந்து நிற்கிறது. அந்த இளைஞர் தன் மிச்சத்தில் வாங்குகிறார். அவரைப் பார்த்து ஆசைப்படும் பக்கத்து வீட்டுப் பிள்ளையோ உம்மாவின் நகையை வட்டிக் கடையில் வைக்கச் சொல்கிறது. பீடி சுற்றும் தாய் எத்தனை ஆயிரம் பீடி சுற்றினால் ஐம்பதாயிரம் ரூபாய் சேரும்? பாலைவன வெயிலில் நிற்கும் வாப்பா எத்தனை மாத மிச்சத்தை அதில் போட வேண்டும்? சட்டம் ஒருவரைத் தனியாக நிறுத்திப் பார்க்கும். அக்லாக் எனும் நற்குணமோ, அவர் நிற்கும் தெருவையும் சேர்த்துப் பார்க்கும்.

இறைச்சி வாங்கிச் சென்று கொண்டிருந்த ஜாபிர் (ரலி) அவர்களை உமர் (ரலி) அவர்கள் வழியில் கண்டு, அண்டை வீட்டாருக்காகவும் உறவினருக்காகவும் வயிற்றைக் கொஞ்சம் சுருக்கிக் கொள்ளலாகாதா என்ற கருத்தில் கேட்டதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தாவில் வருகிறது. இறைச்சி ஹராமா? இல்லை. ஆசைப்பட்டவுடன் கை நீளும் பழக்கத்தைத்தான் அன்னார் கண்டித்தார்கள்.

இன்னொன்றையும் அந்த இளைஞர் தம் உள்ளத்தைக் கேட்டுப் பார்க்கட்டும். ஆட்டத்தின் சுவைதான் தேவை என்றால், அது ஆறு மாதம் கழித்தும் அப்படியே இருக்கும். கோளாறு நீங்கி, ஆட்டங்கள் பெருகி, இன்னும் கூடியே இருக்கும். முதல் நாளில் மட்டும் கிடைத்து, பின்னர் கிடைக்காத பொருள் ஒன்றே ஒன்றுதான்: "என்னிடம் இருக்கிறது, உன்னிடம் இல்லை" என்ற பெருமை. அது பெட்டியில் இருக்கும் பொருள் அல்ல. அடுத்தவனின் இல்லாமையில் இருக்கும் பொருள். அடுத்தவனும் வாங்கியதும் அது கரைந்து போகும். உடனே இன்னொரு புதுப் பொருள் தேவைப்படும். உலக வாழ்வு விளையாட்டும் வேடிக்கையும் அலங்காரமும் ஒருவருக்கொருவர் பெருமையடித்தலுமாய் இருப்பதை ஹதீது சூராவின் 20-வது வசனம் வரிசைப்படுத்துகின்றது. மழையில் தழைத்து, மஞ்சளித்து, கூளமாகும் பயிர் அதற்கு உவமை. விளையாட்டும் பெருமையும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்பதை உற்று நோக்குங்கள்.

யாராவது முதலில் வாங்கித்தானே ஆக வேண்டும்?

எல்லோரும் காத்திருந்தால் புதுப் பொருளே உலகில் நிலைக்காதே என்றும் கேட்கலாம். இதுவும் தள்ளத்தக்க வாதம் அல்ல. நம் ஆற்றங்கரை விவசாயிகளுள், ஒரு புது விதைநெல் வந்தால் முதலில் போட்டுப் பார்க்கும் ஒருவர் ஊருக்கு ஒருவர் இருப்பார். அவரைப் பார்த்துத்தான் மற்றவர்கள் கற்றுக் கொள்வார்கள். ஆனால் அவர் தன் வயல் முழுவதிலும் அதைப் போடுவதில்லை. ஒரு மூலையில் போடுவார். போனால் தாங்கிக் கொள்ளும் அளவு போடுவார். விளைந்ததையும் விளையாததையும் மறைக்காமல் ஊருக்குச் சொல்வார்.

இதிலிருந்து ஒரு அளவுகோல் கிடைக்கிறது. தெரிந்தே, தாங்கக் கூடிய நட்டத்தை, தன் சொந்தப் பணத்தில் ஏற்று, கண்டதை மறைக்காமல் பிறருக்குச் சொல்பவர் முந்தி வாங்கினால் குற்றமில்லை. அதில் பிறருக்குப் பயனும் உண்டு. தெரியாமல், தாங்க முடியாத நட்டத்தை, பிறர் பணத்தில் ஏற்று, கோளாறு கண்டும் கௌரவத்திற்காக "அருமை, அருமை" என்று புகழ்பவரோ தன்னையும் கெடுத்து, தன்னைப் பார்த்து வாங்குபவரையும் கெடுக்கிறார்.

சில சட்ட விளக்கங்கள்

முன்பதிவு: கையில் இல்லாததை விற்காதீர் என்று ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அவர்களுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறியதை திர்மிதீ, அபூதாவூது ஆகிய கிதாபுகளில் காணலாம். இதற்கு விதிவிலக்காக, அளவும் தன்மையும் தவணையும் தெளிவாக்கப்பட்டு, முழு விலையும் பேச்சு நடக்கும் இடத்திலேயே கொடுக்கப்படும் ஸலம் வியாபாரம் ஆகுமாக்கப்பட்டது. பத்தமடையில் மணமக்கள் பெயரை நெய்து தரச் சொல்லிப் பட்டுப் பாய்க்கு ஏற்பாடு செய்கிறோமே, அதுபோல் செய்யச் சொல்லி வாங்குவதை ஹனஃபி இமாம்கள் இஸ்திஸ்னாஃ என்று அனுமதித்திருக்கிறார்கள். ஆனால் கொஞ்சம் அட்வான்ஸ் மட்டும் கொடுத்துப் பெயர் பதிவதை விற்பனையாகக் கருதாமல், வாக்குறுதியாகக் கருதி, பொருள் வந்த பின் பார்த்து விலை பேசி முடிப்பதே பேணுதல். வாங்காவிட்டால் அட்வான்ஸ் போய்விடும் என்ற நிபந்தனையை ஹனஃபி, ஷாஃபிஈ இரு மத்ஹபிலும் ஏற்பதில்லை.

கூடுதல் விலைக்கு விற்றல்: பதிவுச் சீட்டை மட்டும் கையில் வைத்துக் கொண்டு, பொருளைக் கைப்பற்றும் முன்பே இன்னொருவருக்கு விற்பது இரு மத்ஹபிலும் செல்லாது. கைப்பற்றிய பின் லாபத்திற்கு விற்பது அடிப்படையில் ஆகும். பதுக்கல் குற்றம் பெரும்பாலும் உணவுப் பொருளைப் பற்றியது. மக்களுக்கு இடர் தரும் எதுவும் அதில் சேரும் என்பது இமாம் அபூ யூசுஃப் (ரஹ்) அவர்களின் கூற்று. விளையாட்டுப் பெட்டி இல்லாமல் யாரும் பட்டினி கிடப்பதில்லை. ஆயினும், ஆளுக்கு ஒன்று என்ற நிபந்தனையை ஏற்றுக் கொண்டு பொய்ப் பெயர்களில் பத்து வாங்குவது ஏமாற்று. வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றிக் கேட்பது தடுக்கப்பட்ட நஜஷ்.

கோளாறு கண்டால்: கைக்கு வருமுன்பே இருந்த குறை பின்னர் தெரிந்தால், திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. ஆனால் ஷாஃபிஈ மத்ஹபில் குறை தெரிந்தவுடன் தாமதியாமல் திருப்ப வேண்டும். ஹனஃபி மத்ஹபில் உடனே என்ற கட்டாயம் இல்லை எனினும், குறை தெரிந்த பிறகும் விரும்பிப் பயன்படுத்தினால் அது சம்மதமாகி விடும். குறையைக் கண்ட பின்னும் பிள்ளைகள் ஒரு வாரம் ஆடிவிட்டுக் கடைக்குத் தூக்கிச் செல்வது முறையன்று. நாட்டுச் சட்டத்திலும் 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குறையுள்ள பொருளுக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. பில்லைப் பத்திரப்படுத்துங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பெட்டிக்கு இங்கே உத்தரவாதம் செல்லுமா என்பதை வாங்கும் முன்பே விசாரியுங்கள்.

தவணை: கடைக்காரரே ரொக்க விலையைவிடக் கூடுதலாக ஒரே விலை பேசி, தவணையில் பெற்றுக் கொண்டால், தாமதத்திற்கு அபராத வட்டி இல்லாதவரை அது ஆகும். ஆனால் கிரெடிட் கார்டில் "வட்டியில்லாத் தவணை" என்று விளம்பரம் செய்யப்படுவதில், வங்கி வட்டி போடுவதும், அந்தத் தொகையைக் கடை தள்ளுபடியாகக் கழிப்பதுமே பெரும்பாலும் நடக்கிறது. வட்டியில்லாத் தவணை என்ற பெயரில் வட்டியை வேறு கட்டணமாக மறைக்கும் முறையை 2013-ல் ரிசர்வ் வங்கியே கண்டித்தது. பெயரில் வட்டி இல்லை என்பதற்காக ஒப்பந்தத்தில் வட்டி இல்லாமல் போய்விடாது. விளையாட்டுப் பொருளுக்காக அல்லாஹ்வோடும் ரஸூலோடும் போருக்கு நிற்பதா?

இல்லங்களுக்கு ஒரு வார்த்தை

பெற்றோர்களே! பிள்ளை ஒரு புதுப் பொருளைக் கேட்டால், "கூடாது" என்று அதட்டவும் வேண்டாம், அழுகைக்கு அஞ்சி அன்றைக்கே ஓடவும் வேண்டாம். "ஆறு மாதம் போகட்டும், இன்ஷா அல்லாஹ் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். சொன்னால் அந்தச் சொல்லைக் காப்பாற்றவும் செய்யுங்கள். அந்த ஆறு மாதத்தில் பொருளின் குறைநிறை தெரிந்து விடும். அதைவிட முக்கியமாக, ஆசையின் குறைநிறை தெரிந்து விடும். ஆறு மாதம் கழித்தும் பிள்ளைக்கு அது வேண்டுமென்றால், வேண்டியது பொருள்தான். மறந்து விட்டதென்றால், வேண்டியிருந்தது பெருமை மட்டுமே. நோன்பு நோற்கும் சமுதாயம் நாம். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் மஃரிபு பாங்கு வரை காத்திருக்கும் பயிற்சி பெற்ற பிள்ளைக்கு, ஒரு பெட்டிக்காகக் காத்திருப்பதா கடினம்?

வல்ல நாயன் அல்லாஹுத்தஆலா நம் அவசரத்தை நன்மைகளின் பக்கமும், நம் நிதானத்தை உலக ஆசைகளின் பக்கமும் திருப்பி வைப்பானாக! நம் சம்பாத்தியத்திலும் செலவிலும் பரக்கத்துச் செய்வானாக! ஆமீன்.